காலரக்காவின் ஏப்ரல் ஒன்று

காலரக்கா பிறந்த சேதியையே அவளுடைய அப்பா நம்பவில்லை. ஏப்ரல் முதல் தேதி காலையில் யாரோ ஓடிவந்து, "உங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கு" என்றபோது, "வேற ஆளைப் பாரு" என்று சிரித்துவிட்டு, சாவகாசமாக வேலையை முடித்துக்கொண்டுதான் மருத்துவமனைக்குப் போனாராம். ஆரம்பமே அப்படி. அந்தப் பிறந்த நாள் பிறகு எப்படி உருப்படும்?

சட்டை தைக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகக் காலர் பொருத்துகிறாள். அதனால்தான் அந்தப் பெயர். திருப்பிப் போட்ட துணிக்குள் மழுங்கிய குச்சியை விட்டு அவள் ஒரு நெம்பு நெம்பினால், காலர் முனை சொன்ன பேச்சைக் கேட்டு விறைப்பாக நிற்கும். சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் அவள் வாழ்க்கையில் இரண்டே பேர்தான். மகன் ஒருவன், தங்கை ஒருத்தி.

தாயில்லாத தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அந்தத் தங்கை பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனோடு வாசலில் வந்து நின்றபோது, "என் படி ஏறாதே" என்றாள் அக்கா. "நீயா வந்து கூப்பிடற வரைக்கும் ஏறமாட்டேன்" என்று திரும்பி நடந்தாள் தங்கை. ரோஷத்தில் இரண்டும் ஒரே அச்சு.

அடுத்த ஏப்ரல் ஒன்றாம் தேதி, பத்து வயது மகன் பட்டறைக்கு ஓடிவந்தான். "சித்தி வந்து பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்கம்மா!" தையலை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தாள். இருட்டும்வரை நின்றாள். யாரும் வரவில்லை. ஒரு வருஷம் பட்டறையே அதைச் சொல்லிச் சிரித்தது. மகனுக்குப் 'புருடா' என்று பெயர் வைத்தார்கள். அவள் மட்டும் அவனைத் திட்டவே இல்லை. இனி இந்தத் தேதியில் யார் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தாள், அவ்வளவுதான்.

இன்று அவளுக்கு ஐம்பது. காலையிலிருந்து பக்கத்து இருக்கைப் பட்டன்காரி மூன்று முறை ஏமாற்றப் பார்த்துத் தோற்றிருந்தாள். இரண்டரை மணிக்கு மகன் வந்தான். கூரியர் வேனை வாசலில் போட்டுவிட்டு, மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"அம்மா, எழுந்திரு. மூணு மணி பஸ்ல சித்தி வர்றாங்க."

தையல் இயந்திரம் நிற்கவில்லை.

"டேய் புருடா, பதினேழு வருஷமா அதே படத்தையே ஓட்டறியே!" என்றாள் பட்டன்காரி.

"சத்தியமா அத்தை!"

"உன் சத்தியத்துக்கு இங்க ஓட்டைப் பட்டன்கூடக் கிடைக்காது."

பட்டறை சிரித்தது. மகன் அம்மாவின் பக்கத்தில் குனிந்தான். "நாலு மாசமா சித்தி கால்ல விழாத குறையாப் பேசிட்டிருக்கேன். 'அக்கா பிறந்த நாளுக்குத்தான் வருவேன். அவ நேர்ல வந்து கூப்பிட்டா இறங்குவேன், இல்லேன்னா அதே பஸ்ல திரும்பிடுவேன்'னு சொல்லிட்டாங்க. பஸ் இருபது நிமிஷந்தான் நிக்கும்."

"போனைப் போடு. நானே பேசறேன்."

போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் போட்டான். அதே கதை. பட்டறை இந்த முறை மேஜையைத் தட்டிச் சிரித்தது.

மகன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அன்னிக்கு நான் பஸ் ஸ்டாண்டுல தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னேம்மா. முதல்ல சிரிச்சேன். அப்புறம் நீ அழுததைப் பாத்தேன். வெளியில வர தைரியம் இல்ல."

அவள் கை நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுத அழுகை அது.

ஆனாலும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இவன் நடிக்கத் தெரிந்தவன். போய் ஏமாந்தால் இன்னொரு வருஷத்துச் சிரிப்பு. அது அவளுக்குப் பழக்கம்தான். போகாமலிருந்து, அங்கே அந்தப் பெண் ஜன்னல் வழியாக இருபது நிமிஷமும் தேடியிருந்தால்? நூலை வெட்டினாள். எழுந்தாள்.

"காலரக்கா, பாதித் தையல்ல எங்க கிளம்பிட்டே?" என்று அதட்டினார் மேஸ்திரி.

"ஏமாறப் போறேன். மிச்சத்தை நாளைக்கு விடியறப்பவே வந்து முடிச்சுத் தர்றேன்."

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை.

வழியில் ஒரு லாரி மகனின் வேனுக்குக் குறுக்கே நின்று உயிரை வாங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி பஸ் திரும்பிப் போவதற்காக உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தாள். கடைசி ஜன்னலை எட்டுவதற்குள் பஸ் நகர்ந்தது. ஓடினாள். உள்ளங்கையால் தகரத்தை ஓங்கி ஓங்கி அறைந்தாள். "நிறுத்துய்யா! என் தங்கச்சி உள்ள இருக்கா!"

இருக்கிறாளா என்று அவளுக்கே தெரியாது.

பஸ் நின்றது. படியேறினாள். கடைசி இருக்கையில், காதோரம் நரைத்த ஒருத்தி பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி போனை அணைச்சு வெச்சே?"

"நீ வரலேன்னு உன் பையன் சொல்லிடுவானோன்னு பயம்" என்றாள் தங்கை. "கீழே இறங்கவும் பயம். ஏப்ரல் ஒண்ணாச்சே, இந்தத் தடவை அவன்கிட்ட ஏமாந்தது நான்தான்னு நினைச்சேன்."

"அம்மா, ஏறறீங்களா, இறங்கறீங்களா?" என்றார் நடத்துநர்.

"சும்மா இருப்பா. பதினெட்டு வருஷம் கழிச்சுப் பேசறோம்" என்றாள் காலரக்கா. பையின் ஒரு காதைப் பிடித்து இழுத்தாள்.

தங்கை விடவில்லை. "நீ இன்னும் கூப்பிடலையே."

இதைச் சொல்லாமல் இந்த பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை என்று அவள் ஏறும்போதே முடிவெடுத்திருந்தாள். "வாடி. நம்ம வீட்டுக்கு வா. நான் சொன்னது தப்பு."

பையின் மற்றொரு காதைப் பிடித்தபடி தங்கை எழுந்தாள்.