அப்பா உட்காராத நாற்காலி

நான் இருக்கும் இந்த ஸ்கொட்லாந்துச் சிறு நகரத்தின் வாரப் பத்திரிகையில் சாப்பாட்டுக்கென்றே ஒரு பக்கம் உண்டு. ஆற்றங்கரை மீன் கடை கைமாறியது, புதிய பேக்கரியில் கம்பு ரொட்டி சுடுகிறார்கள், இன்ன கடையில் சூப் முன்போல் இல்லை – எல்லாம் செய்தி. வந்த புதிதில் இதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். இலங்கையில், எங்கள் ஹட்டனில் எந்தக் கடையில் கொத்து ரொட்டி நன்றாக இருக்கிறது என்பதை பஸ் நிலையத்தில் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். அதை அச்சடிக்க யாருக்கு நேரம்? போன வாரம் அந்தப் பக்கத்தில் என் படம் வந்திருந்தது. இங்கே படிக்க வந்த நான் பகுதிநேரமாக வேலை செய்யும் தேநீர்க்கடையைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஏப்ரன் கட்டி, தேநீர்க் கேத்தலைப் பிடித்தபடி நிற்கிறேன். கீழே, ‘சிலோனிலிருந்து வந்த புன்னகை இளைஞர்’ என்று ஒரு வரி. ஊரில் இருக்கும் உங்களில் சிலர் பார்த்துவிட்டு வாழ்த்தினீர்கள். அப்பாவுக்கு மட்டும் அதை நான் அனுப்பவில்லை.

அப்பா வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பங்களா அப்புவாக இருந்தவர். தோட்டத்தை நடத்தும் துரைக்குச் சமைத்து, மேசை வைத்து, பரிமாறி, தட்டெடுக்கிற வேலை. நாங்கள் இருந்தது தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். துரைமார் மாறினார்கள், அப்பா மாறவில்லை. விருந்து நடந்த மறுநாள் எங்கள் வீட்டில் கரமல் புடிங்கின் ஓரத்துண்டுகள் கிடைக்கும். தங்கச்சி வசந்தியும் நானும் சண்டை போட்டுத் தின்போம். அப்பா அடுப்பு முன்னால் குந்தி, ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவார். “அந்த மேசையில ஒரு தடவையாவது ஒக்காந்திருக்கீங்களாப்பா?” என்று சின்ன வயதில் கேட்டேன். “தொடச்சிருக்கேன்” என்றார்.

இங்கே ஜீன் என்றொரு வாடிக்கையாளர் இருக்கிறார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் அவருக்குத் தேநீர் வைத்துவிட்டுத் திரும்பும்போது, எதிர் நாற்காலியை இழுத்து “உட்கார்” என்றார். ஏதோ தவறு செய்துவிட்டேன், விசாரிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். “மன்னிக்க வேண்டும்” என்றேன். “எதற்கு?” என்று அவர் குழம்பினார். கடைக்காரம்மாவைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். உட்கார்ந்தேன். ஜீன் தன் பூனையின் வயிற்றுவலியைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான். ஆனால் அன்று முழுவதும் அப்பாவின் நினைப்பு. பரிமாறுகிறவனும் உட்காரலாம் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடக்கூடாது என்று பட்டது.

அப்போதுதான் வசந்தி ஒரு செய்தி அனுப்பினாள். அப்பா வேலை செய்த பங்களா ஹோட்டலாகிவிட்டதாம். முன்கூட்டிச் சொன்னால் யார் வேண்டுமானாலும் மாலைத் தேநீர் குடிக்கலாமாம். விடுமுறையில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக, அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டிப்போனேன். “இன்னைக்கு நீங்க விருந்தாளிப்பா” என்றேன். வாசலில் கொஞ்சம் தயங்கினார். கால் தானாகப் பின்வாசல் பக்கம் திரும்பியது. கையைப் பிடித்து முன்னால் அழைத்துப்போனேன். பரிமாறிய பையன் நம் தோட்டத்துப் பிள்ளை. “அடேங்கப்பா, அப்பு மாமாவா! வாங்க, வாங்க” என்று நாற்காலியை இழுத்துப் பிடித்தான். அப்பா அதன் நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றார். “கை கழுவிட்டு வாறேன்” என்று போனார்.

வெகுநேரம் வரவில்லை. வந்தபோது சமையலறைக் கதவு வழியாக வந்தார். கையில் தேநீர்க் கேத்தல், முன்கையில் மடித்த துணி, முகத்தில் நான் பார்த்தே இராத சிரிப்பு.

“என்னப்பா இது? வந்து ஒக்காருங்க.”

“சும்மா இருப்பா. எத்தன தொரமாருக்கு ஊத்தியிருக்கேன். எம் மகனுக்கு ஊத்த வேணாமா? பால் போதுமா தொர?”

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். என்னால் முடியவில்லை. இந்த மேசையில் அவரை உட்காரவைக்க நான் கடல் தாண்டி வந்திருந்தேன். அவரோ, இந்த மேசையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் இத்தனை காலமும் நின்றிருக்கிறார் போல. பக்கத்து மேசை வெள்ளைக்காரத் தம்பதி அவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பால் கேட்டார்கள். நான் எழுவதற்குள் போய்க் கொண்டுவந்து வைத்துவிட்டார். பிறகு என்னருகே வந்து மெதுவாகக் கேட்டார்: “அங்க ஒனக்கு யாருப்பா ஊத்திக் குடுக்கிறது?”

“அங்க அவங்கவங்களே ஊத்திக்குவாங்க” என்றேன். கடையில் வேலை என்று சொல்லியிருந்தேன். என்ன வேலை என்று சொன்னதில்லை. கணக்குப் பார்க்கிறேன் என்று அவராக நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வந்த கொஞ்ச நாளில் வசந்தி கூப்பிட்டாள். “அண்ணே, ஹோட்டல்ல அப்பாவ வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. சனி ஞாயிறு மட்டும். பழைய பங்களா அப்பு கையால தேத்தண்ணின்னு பேஸ்புக்ல போட்டிருக்காங்க, பாத்தியா?” பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், கையில் கேத்தல். அப்புவாக இருந்த காலத்தில் அவர் போட்டே இராத உடுப்பு அது. வேண்டாமென்று நான் சொல்லச் சொல்ல, அப்பா போனை வாங்கினார். “வீட்ல சும்மா ஒக்காந்து என்னப்பா செய்ய? நீ ஒண்ணு செய். அங்க நீ ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு. இங்க உள்ளவங்களுக்குக் காட்டணும்.”

அவரை அந்தக் கதவுக்குத் திரும்பக் கூட்டிப்போனது நான்தான். இனி எதைச் சொல்லித் தடுப்பது?

நேற்று என்னை ஒரு படம் எடுத்துத் தரும்படி ஜீனிடம் கேட்டேன். ஏப்ரனைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். “ஏன் கழற்றினாய்? அது உனக்கு அழகுதானே” என்று புரியாமல் கேட்டுக்கொண்டே படமெடுத்தார். அனுப்பிய சற்று நேரத்தில் போனில் அப்பாவின் குரல் வந்தது. பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம்.

“நல்லா ஒக்காந்திருக்கப்பா. எல்லாருக்கும் காட்டிட்டேன். யாரு ஊத்துனது?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலோர மேசையில் பால் கேட்டார்கள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கொண்டுபோய் வைத்தேன்.