கோமதி மேடத்தின் வலைப்பூவும் எங்கள் பி.டி. சாரும்

பள்ளி நூலக வேலை என்றால் புத்தகம் கொடுக்கும் வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது கொடுத்த புத்தகத்தைத் திரும்பக் கேட்டுத் திட்டு வாங்கும் வேலை. அந்தத் திட்டைத் தினமும் வாங்கும் சக நூலகப் பொறுப்பாளர்களே, உங்களுக்காக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் ரகம். ஆனால் இப்போது தர மாட்டேன். கடைசி வரிக்குத் தாவிப் போகலாம் என்று பார்க்காதீர்கள், போனாலும் புரியாது. பேசாமல் என் பின்னால் வாருங்கள்.

ஜவ்வாது மலையில் எங்கள் அரசுப் பள்ளிக்கு நூலகர் என்று தனியாக யாரும் கிடையாது. விளையாட்டு ஆசிரியர் ஏழுமலை சார்தான் நூலகத்துக்கும் பொறுப்பு. அவருக்கு அடுத்த அதிகாரி, பிளஸ் ஒன் படிக்கும் நான், பூங்கொடி. எனக்கு யார் குரலும் வரும். நான் வகுப்பில் உட்கார்ந்து எல்லா ஆசிரியர்கள் மாதிரியும் பேசிக் காட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் நூலகத்தில் தூசி தட்டட்டும் என்று ஒருமனதாக முடிவு செய்து இந்தப் பதவியைக் கொடுத்தார்கள்.

உயர வரிசை

பொறுப்பை ஏற்றதும் சார் செய்த முதல் காரியம், புத்தகங்களைப் பிரேயருக்கு நிற்க வைப்பதுபோல நிற்க வைத்தது. குட்டை முன்னால், நெட்டை பின்னால். கோலப் புத்தகத்துக்கும் உலக வரைபடத்துக்கும் ஒரே உயரம் என்பதால் அவை பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எல்லாவற்றுக்கும் விசில். ஒரு விசில் அடித்தால் எடு, இரண்டு அடித்தால் படி, நீளமாக அடித்தால் வைத்துவிட்டு ஓடு. கதையில் ராஜா கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருப்பார். நீள விசில் கேட்டதும் பசங்கள் அவரை அப்படியே தொங்கவிட்டுவிட்டுக் கிரவுண்டுக்கு ஓடிவிடுவார்கள். மறுபடி வந்து யாரும் ராஜாவைத் தூக்கிவிட்டதில்லை.

ஒருநாள் எச்.எம். மேடம் வந்து வாசலில் நின்றார். (அவர் பேசுவதை மூக்கு வழியாகப் படித்துக்கொள்ளவும். அப்போதுதான் சரியாக இருக்கும்.) பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தரும் சைக்கிள் லோடு வரப்போகிறது, இறக்கி வைக்க இடமில்லை, இந்த அறை சும்மாதானே கிடக்கிறது என்றார். அதில் ஒரு சைக்கிள் எனக்கே வரவேண்டியது. இருந்தாலும் அந்த அறை போனால் நான் வகுப்புக்குத் திரும்பிப் போக வேண்டுமே. சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேடம் அவர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தபடி சொன்னார்: "லோடு வர்றதுக்குள்ள பசங்க தானா வந்து உக்காந்து படிச்சா ரூம் உங்களுக்கு சார். நீங்க ஊதி உக்கார வெச்சா அது கணக்குல வராது."

பாறை மேல் பிரசன்ட்

விசிலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்ட பிறகு சாருக்குக் கை கால் ஓடவில்லை. "நூலகம் நடத்தறவங்க அவங்கவங்க அனுபவத்த பிளாக்ல எழுதுறாங்க சார், தேடிப் பாக்கலாம்" என்று நான்தான் கிளப்பிவிட்டேன். தேடுவதற்கு நெட் வேண்டும். எங்கள் ஊரில் நெட் கிடைப்பது பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு பாறையின் மேல்தான். சாயங்காலமானால் பாதி ஊர் அங்கே ஏறிக்கொள்ளும். மாப்பிள்ளை போட்டோ பார்ப்பவர்கள் ஒரு பக்கம், புளி விலை கேட்பவர்கள் ஒரு பக்கம், நடுவில் மூக்குக் கண்ணாடியோடு எங்கள் சார், பக்கத்தில் எங்கள் அம்மாவின் போனோடு நான்.

எந்த வலைப்பூவைப் பார்த்தாலும் சார் ஃபாலோ பட்டனை அமுக்கினார். அமுக்கியதோடு விட்டாரா? ஒவ்வொரு பதிவுக்கும் கீழே 'பிரசன்ட் மேடம்' என்று தட்டிவிட்டுத்தான் எழுந்தார். தினமும் அட்டெண்டன்ஸ் எடுத்து எடுத்து வந்த பழக்கம். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்து நூலகர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு ஒரு சிரிக்கும் பொம்மையைப் பதிலாக அனுப்பினார். அன்றைக்கு சார் பாறையிலிருந்து இறங்கிய நடையைப் பார்த்திருந்தால், கழுத்தில் மெடல் கிடக்கிறதா என்று தேடியிருப்பீர்கள். வரிசையாக அமுக்கியதில் ஆடு வளர்ப்பு பற்றிய வலைப்பூ ஒன்றும் உள்ளே வந்துவிட்டது. அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். சார் சொன்னார்: "வாணாம் பூங்கொடி, இருக்கட்டும். ஆட்டுக்குக் கழிச்சல் வந்தா இன்னா பண்ணணும்னு நல்லா எழுதிக்கிறான்."

தட்டு

சிரிப்பு எங்கே என்று கேட்பீர்கள். பொறுங்கள், இது அது இல்லை.

வெளிநாட்டு வலைப்பூ ஒன்றில் ஒரு படம். ஓட்டல் மாதிரி மேஜை போட்டு, துணி விரித்து, தட்டுக்குத் தட்டு ஒரு புத்தகம் பரிமாறி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் மேஜை மேஜையாகப் போய் ஆளுக்கு நாலு பக்கம் ருசி பார்க்க வேண்டுமாம். சாருக்கு அது பிடித்துவிட்டது. மறுநாள் காலை ஆறாம் வகுப்பு மொத்தமும் சாப்பாட்டுத் தட்டோடு நூலக வாசலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. நின்றார்கள். சும்மா நிற்கவில்லை, பழக்க தோஷத்தில் கையைக் கழுவிக்கொண்டு, தட்டையும் கழுவிக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்றார்கள். சார் தட்டில் புத்தகத்தை வைக்க வைக்க அட்டை எல்லாம் ஊறிப்போனது.

அந்த நேரம் பார்த்துச் சத்துணவு சமைக்கும் காளியம்மா அக்கா கிணற்றடிக்குப் போகிற வழியில் இந்த வரிசையைப் பார்த்துவிட்டார். உலையே வைக்கவில்லை, அதற்குள் தட்டோடு வரிசை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டார்: "இன்னா சார், எம் மேல கோவமா? என்னை வெச்சிக்கினே வேற யார் கையிலயோ சமைக்கச் சொல்லிக்கிறீங்க?"

கோமதி மேடம் பிறந்தார்

ஊறிய புத்தகங்களை வெயிலில் காயவைத்துவிட்டு அன்று சாயங்காலம் சார் பாறை மேல் உட்கார்ந்து, "நம்ம பக்கத்து ஆளு ஒருத்தராவது இதப்பத்தித் தமிழ்ல எழுதக் கூடாதா" என்றார். பெருமூச்சு வேறு. சும்மா இருக்க முடியுமா என்னால்? அவர் இறங்கிப் போனதும் அம்மா போனில் புதிதாக ஒரு வலைப்பூவைத் தொடங்கினேன். கோயம்புத்தூரில் ஒரு பள்ளி நூலகர், பெயர் கோமதி. குரலும் தயாராக இருந்தது: ரேடியோவில் நிகழ்ச்சி நடத்தும் அக்காக்களின் இனிப்பு கொஞ்சம், எங்கள் எச்.எம். மேடத்தின் மூக்கு கொஞ்சம். 'வணக்கம் நூலக நெஞ்சங்களே, சாப்பிட்டீங்களாங்க?' என்று ஆரம்பித்தேன். மறுநாள் தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல சாரிடம் காட்டினேன், உடனே கீழே விழுந்தது அவர் பதில்: 'பிரசன்ட் மேடம். வயிறு குளுந்துச்சு.'

அதன் பிறகு கை நின்றால்தானே. கோமதி மேடம் அறிவுரைகளை அள்ளி வீசினார். கதையை மனிதக் குரலில் படித்துக் காட்டக் கூடாது, மிருகக் குரலில்தான் படிக்க வேண்டும் என்றார். முக்கியமான கட்டம் வந்ததும் சட்டென்று மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும் என்றார். சார் ஒன்றையும் விடவில்லை. விசில் ஊதி வளர்ந்த நெஞ்சு அல்லவா, அவர் கரடிக் குரலில் ஆரம்பித்ததும் வாசல் பலாமரத்துக் காக்கைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. கரடி ஒரு மரத்தடிக்கு வந்தது, மரத்து மேலே ஒரு பையன், கரடி அண்ணாந்து பார்த்தது. சார் புத்தகத்தை மூடிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

பசங்கள் கடை வரைக்கும் பின்னாலேயே போய், "சார், அப்பறம் கரடி இன்னா பண்ணுச்சு சார்?" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சார் கிளாசை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் தெர்லடா. மேடம் அதுக்கு மேல என்னையும் படிக்க வாணாம்னு சொல்லிக்கிறாங்க, நீங்க போய்ப் படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

லோடு வந்த நாள்

லாரி மேலேறி வந்தது மதிய இடைவேளையில். சார் கிரவுண்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார், முகம் செத்துப்போயிருந்தது. எச்.எம். மேடம் நூலகக் கதவைத் தள்ளினார். பெஞ்சில் பசங்கள், தரையில் பசங்கள், ஜன்னல் திட்டிலும் பசங்கள். கரடிப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது, அதைச் சுற்றி ஒரு கூட்டம். அது கிடைக்காதவர்கள் வேறு எதிலாவது கரடி வருகிறதா என்று அலமாரியையே கலைத்துக்கொண்டிருந்தார்கள். உயர வரிசை போன இடம் தெரியவில்லை.

மேடம், "யாருடா உங்கள இங்க உக்காரச் சொன்னது?" என்று கேட்டார். யாரும் நிமிரவில்லை. கதவோரம் இருந்த ஆறாம் வகுப்புப் பொடியன் மட்டும் உதட்டில் விரலை வைத்துச் சொன்னான்: "சத்தம் போடாதீங்க மேடம், கரடி மரத்துல ஏறிக்கினு இருக்குது." மேடம் வாயை மூடிக்கொண்டு கதவையும் மெதுவாகச் சாத்தினார். பிறகு லாரிப் பக்கம் போய், மூக்கால் இல்லாமல் வாயாலேயே சொன்னார்: "சைக்கிள எல்லாம் என் ரூம்ல எறக்கிடுங்க. நான் வெராண்டால டேபிள் போட்டுக்கறேன்."

தலைமை விருந்தினர்

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் நல்லது. ஆனால் சார் யார் உழைப்பையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளாத மனிதர். நேராக வெராண்டாவுக்குப் போய், இதெல்லாம் கோமதி மேடம் சொல்லிக் கொடுத்தது என்று ஒப்பித்துவிட்டார். எச்.எம். மேடம் சந்தோஷத்தில், அந்த அம்மாவையே ஆண்டு விழாவுக்குத் தலைமை விருந்தினராகக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, நோட்டீஸ் அடிக்கவும் ஆள் அனுப்பிவிட்டார். கோமதி மேடம் வராவிட்டால் மானம் போகப்போவது சாருக்கு.

அன்று சாயங்காலம் பாறை மேல் உட்கார்ந்து சார் கோமதி மேடத்தின் வலைப்பூவில் அழைப்பை எழுதினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு வார்த்தையையும் என்னிடம் காட்டிக் காட்டி எழுதினார். மேடத்துக்குத் திடீரென்று என்ன நோய் வரவைக்கலாம் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். மேடத்துக்கு எது வந்தாலும் மணியடிக்கும் அம்மா போன் சத்தமாக வைத்திருக்கிறது என்பது மட்டும் யோசனைக்கு வரவில்லை. சார் பட்டனை அமுக்கினார். என் மடியில் டிங்.

சார் திரும்பிப் பார்த்தார். "யாரு?" என்றார். "எங்க அத்த சார், வேலூர்லருந்து" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். எழுத்துப் பிழை ஒன்று விட்டுவிட்டேன் என்று முனகிக்கொண்டே இன்னொன்று அனுப்பினார். டிங். பாறை மேல் இருந்தவர்கள் எல்லாம் என் மடியைத் திரும்பிப் பார்த்தார்கள். சார் என்னைப் பார்க்கவே இல்லை. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தபடியே தட்டினார்: 'கோமதி மேடம், வேலூர்ல உங்க அத்த சௌக்கியமா இருக்காங்களா?'

டிங்.

சார் போனைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பயந்தேன், பார்த்தால் சிரிப்பு. பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "நோட்டீஸ் அடிச்சாச்சுங்க மேடம், நீங்க வந்தே ஆவணும். வூட்ல நல்ல பொடவ எதுனா இருக்குதுங்களா?"

ஆகவே சக துன்பவாசிகளே, உருப்படியான வலைப்பூ ஒன்றைத் தேடிப் பிடித்துப் பின்தொடருங்கள், ஆனால் அதை எழுதும் ஆள் நீங்களாகவே இருந்தால் போன் சத்தத்தை மட்டும் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.