பாதி வழிப் புள்ளிகள்

கிழக்கு லண்டனில், பார்க்கிங் (Barking) என்ற ஊரில், பெரியவர்களுக்கு லினோ பலகையைச் செதுக்கி அச்சடிக்கும் கலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே பலகையை மேலும் மேலும் வெட்டி, நிறத்தின் மேல் நிறமாக அச்சடிக்க வேண்டும். வெட்டிய இடத்தில் அடுத்த மை படாது; முந்தைய நிறமே நிற்கும்.

அன்று ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஓவியங்களைக் காட்டினேன். "அவையின்ரை கதையளைக் கீறவேண்டாம். உங்கடை பாதை ஒண்டை, மேலையிருந்து பாக்கிற மாதிரிப் புள்ளியளாலை கீறுங்கோ."

வகுப்புக்கு வரும் செல்வி அக்கா, தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் இருக்கும் மகளின் வீட்டுக்குப் பாதை கீறினார். மகளோடு பேச்சுவார்த்தை இல்லை. மஞ்சள் அச்சடித்ததும், மஞ்சளாகவே நிற்கவேண்டிய புள்ளிகளை வெட்டத் தொடங்கியவர், பாதி வழியில் நிறுத்திவிட்டார்.

"மிச்சத்தையும் வெட்டுங்கோ அக்கா. சிவப்பு அடிச்சா மஞ்சளுக்குத் திரும்ப ஏலாது."

"ஓம், தெரியும். மிச்சம் அவள் வெட்டவேண்டியது."

நான் சிவப்பு மையை மூடிவைத்தேன்.

என்னோடு பேச்சில்லாத தங்கையின் குரலைக் கேட்க எனக்கும்தான் ஆசை. அவள் இதே லண்டனில், ஹவுன்ஸ்லோவில்தான் இருக்கிறாள். அந்தப் பாதையில் நான் இன்னும் ஒரு புள்ளிகூட வெட்டவில்லை.