முட்டைக்கண்ணன் கூப்பிட்ட ஆண்டியண்ணன்

"ஏனுங்க அம்மிணி, அந்தப் பையன் எதுக்கு என்ர பேரைச் சொல்லிக் கத்தறான்?"

ஆண்டியண்ணன் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்த பெண் நான் ஒருத்திதான். அதோடு ஆட்டையாம்பட்டியில் ஒரு டீச்சர் வீட்டுக்கு மூன்று மாதம் இந்தி டியூஷனும் போயிருந்தேன். அங்கே நாலு விதமான 'க' சொல்லிக் கொடுத்தார்கள். நாலும் எனக்கு ஒரே 'க'வாகவே கேட்டதால் நின்றுவிட்டேன். நின்ற காரணம் ஊருக்குத் தெரியாது. அதனால் இந்தியில் எது வந்தாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கிறவர்களைச் சும்மா அனுப்ப எனக்கு மனசு வராது. ஏதாவது சொல்லிவிடுவேன்.

அன்றைக்கும் சொன்னேன். "அது அந்தப் பையனோட அப்பா பேருங்கண்ணா."

எப்படி அந்த இடத்துக்கு வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா சென்னியப்பன் ரிக் வண்டியில் போர் போடும் வேலைக்குப் போகிறவர். திருச்செங்கோட்டு வண்டியோடு வடக்கே போனால் வீடு திரும்ப மாதக்கணக்காகும். எண்பத்தாறாம் வருடப் பொங்கலுக்கு வந்தவர் ஒரு கறுப்பு வெள்ளை டிவியை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பவும் வண்டி ஏறிவிட்டார். இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு போட்ட பெட்டி. சேலத்து டவரில் வருவதெல்லாம் பெரும்பாலும் டெல்லி நிகழ்ச்சி. ஆன்டெனாவில் காக்கை உட்கார்ந்தால் டெல்லியும் கலைந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்த பொம்மைப் படத் தொடர் ஒன்றுதான் பாஷை தெரியாமலே எங்களுக்குப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தோம்.

கதை இதுதான். ஒரு பையன் சின்னப் பாய்மரக் கப்பலில் அப்பாவைத் தேடிப் போகிறான். கூடவே ஒற்றைக்கண் சமையல்காரக் கிழவர் ஒருவர், அப்புறம் ஒரு வாத்து. வாரத்துக்கு ஒரு தீவு. நேற்றுவரை இங்கேதான் இருந்தார், அந்தப் பக்கம் போய்விட்டார் என்று யாராவது கையைக் காட்டுவார்கள். பையன் அழுவான். கப்பல் கிளம்பும். பையனின் கண் ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு இருந்ததால் முட்டைக்கண்ணன் என்று பெயர் வைத்தோம். அழுதால் கண்ணீர் டம்ளர் டம்ளராகக் கொட்டும். பேசும்போது வாய் மட்டும்தான் அசையும். அந்த வாய்க்கும் மூன்றே நிலைகள்: திறந்தது, பாதி திறந்தது, மூடியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் அசையாமல் நின்றதால்தானோ என்னவோ, அந்தக் கண்ணை விட்டு என்னால் பார்வையை எடுக்க முடியவில்லை. ஒருநாள் அடுப்பில் பாலை மறந்துவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது முட்டைக்கண்ணன் கப்பல் கம்பத்தின் மேலே ஏறித் தூரத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவான். எங்கள் பெட்டியின் கரகரப்பில் அது "ஆண்டி, ஆண்டி" என்றுதான் கேட்டது. முதல் தடவை கேட்டபோது கூடம் முழுக்கத் திரும்பி வாசல்படியைப் பார்த்தது. அங்கே நிஜமாகவே ஆண்டி உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டை ஒட்டி அப்புசாமி என்பவரின் சேகோ மில் இருக்கிறது. குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்குகிற மில். நடுவில் இடுப்பளவு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் சிமெண்டுக் களம். அதில் ஜவ்வரிசியைக் காயப் போட்டால் ஊருக்கே வெள்ளை வேட்டி விரித்த மாதிரி இருக்கும். ஆண்டியண்ணன் இருபத்திரண்டு வருடமாக அந்தக் களத்துக்குக் காவல். காக்கையை விரட்டுவது, ஆட்டை விரட்டுவது எல்லாம் சில்லறை வேலை. உண்மையான வேலை வானத்தைப் பார்ப்பது. காய்கிற ஜவ்வரிசியில் நாலு தூறல் விழுந்தால் போதும், மணியெல்லாம் ஒட்டிக்கொண்டு கட்டியாகிப் புளித்துவிடும். மேகம் கூடினால் களத்தில் காய்கிற மணியைக் கோலால் துழாவுகிற பெண்கள் யாராவது "ஆண்டி" என்று குரல் கொடுப்பார்கள். அவர் மூக்கை நிமிர்த்திக் காற்றை மோந்து பார்ப்பார். கஞ்சமலை உச்சியைப் பார்ப்பார். தலையை ஆட்டினால் எல்லோரும் ஓடிப்போய் ஜவ்வரிசியைக் குவித்துத் தார்ப்பாய் மூடுவார்கள். ஆட்டாவிட்டால் வேலையைப் பார்ப்பார்கள். அவர் தலையாட்டித் தப்பாய்ப் போனதாக யாரும் சொன்னதில்லை.

கடலை அவர் பார்த்ததே இல்லை. நீர் என்று பெரிதாகப் பார்த்தது மேட்டூர் அணை ஒன்றைத்தான். இருந்தாலும் அந்தத் தொடரைப் பற்றி அவருக்கு நிறையக் கருத்துகள் இருந்தன. திங்கள்கிழமை காலையில் களத்தில் பெண்களுக்கு அவர்தான் கதை சொல்வார். நான் மதில் மேல் சாய்ந்து கேட்பேன். படத்தில் வருவது மொத்தம் மூன்றே அலை, அதையே சுற்றிச் சுற்றி விடுகிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். மேகம் வரைந்தவன் வானத்தைப் பார்க்காமலே வரைந்திருக்கிறான், அந்த வெளுத்த மேகம் மழை கொடுக்காது என்பார். பாய் கட்டியிருக்கிற முடிச்சு தப்பு, இருபத்திரண்டு வருடம் தார்ப்பாய் கட்டினவனுக்குத் தெரியாதா என்பார். வாத்தைப் பற்றி மட்டும் எந்தக் குறையும் சொல்ல மாட்டார்.

நான் சொன்ன பொய்யால் இந்தத் திங்கள்கிழமைக் கதையின் போக்கே மாறிப்போனது. ஆண்டியண்ணனுக்கு நாலும் பெண்கள், நாலு பேரும் கட்டிக்கொடுத்துப் போய்விட்டார்கள். இப்போது திடீரென்று கடலுக்கு நடுவே ஒரு மகன். களத்துப் பெண்கள் விடுவார்களா? மகன் அங்கே தீவு தீவாக அலைகிறான், அப்பன் இங்கே வெற்றிலை போட்டுக்கொண்டு காக்கை ஓட்டுகிறான் என்று கேலி செய்தார்கள். அவர் மனைவி சின்னாயியும் அதே களத்தில்தான் வேலை செய்தார். அவர் துழாவுகோலை ஊன்றிக்கொண்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நாலு பெத்தவ நானு. எனக்குத் தெரியாம இந்த மனுசன் எந்தத் தீவுல குடித்தனம் நடத்துனாருன்னு கேளுங்க."

"மேட்டூரு போன அன்னிக்கி நீயும் கூடத்தானே இருந்தே," என்றார் ஆண்டியண்ணன்.

ஆனால் கேலியைக் கேலியாகவே வாங்கிக்கொண்டாலும் பையனை அவர் விடவில்லை. பையன் மெலிந்துவிட்டான், அந்த ஒற்றைக்கண்ணன் வயிற்றுக்குச் சரியாகப் போடுவதில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டார். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. அடுத்த வாரம் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கண்ணன் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டான். அவன் வெளியே வரும்வரை ஆண்டியண்ணன் எழுந்திருக்கவில்லை. அதற்குள் ஏழெட்டு ஆடுகள் களத்துக்குள் புகுந்து நடந்து திரிந்துவிட்டன. அப்புசாமி வந்து பார்த்துவிட்டார். அவர் அதிகம் பேசாதவர். அதனால் பேசினால் எல்லோருக்கும் பயம்.

"ஆடு திங்கறது போவுது ஆண்டி. மழை வந்திருந்தா? இன்னொரு ஞாயித்துக்கெழமை களத்தை உட்டு நகந்தீன்னா, திங்கக்கெழமையிலிருந்து வேற ஆளுதான்."

ஆண்டியண்ணனுக்கு வேறு வேலை கிடையாது. சின்ன வயதில் கிணறு வெட்டப் போய் முழங்கால் போய்விட்டது. மூட்டை தூக்க முடியாது, கிழங்கு சீவத் தரையில் உட்கார முடியாது. நின்றுகொண்டு வானம் பார்க்கத்தான் முடியும். அந்த வேலையும் போனால் சின்னாயியின் கூலியில்தான் இருவரும் சாப்பிட வேண்டும். அதனால் அவர் டிவி பார்க்க வருவதை நிறுத்திவிட்டார்.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். டிவிச் சத்தத்தை முழுசாக வைத்துவிட்டு, மதிலோரம் இருந்த துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டேன். அங்கிருந்து ஜன்னல் வழியாகப் படம் தெரியும். அந்தப் பக்கம் களமும் தெரியும். கப்பல் சாய்கிறது, வாத்து தண்ணீரில் விழுந்தது, கிழவர் பிடித்துவிட்டார் என்று நடப்பதை அப்படியே சொல்வேன். அவர் வானத்தைப் பார்த்தபடியே தலையாட்டுவார்.

சித்திரை பிறந்ததும் சித்தப்பா வந்தார். வந்த ஞாயிற்றுக்கிழமையே எங்களோடு உட்கார்ந்து தொடரைப் பார்த்தார். இது ஜப்பான்காரன் வரைந்தது, இந்தியில் பேசவைத்திருக்கிறார்கள் என்றார். முட்டைக்கண்ணன் கம்பத்தில் ஏறிக் கத்தினான். ஆண்டி அவன் அப்பா பேர் என்று நான் விளக்கினேன். சித்தப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த சொம்பு உருண்டது.

"அட கண்ணு, அது ஆண்டி இல்ல, ஆந்தி. ஆந்தின்னா பெரும் காத்து. மழைக்கு முந்தி அடிக்குமே, அது. புயல் வருதுன்னு கத்தறான் அவன்."

படம் முடிந்ததும் திரையில் வந்த எழுத்தையும் படித்துச் சொன்னார். அடுத்த வாரம் கடைசி.

கடைசி வாரத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து மறுநாள் களத்துக்குப் போனேன். நான் சொன்னது தப்பு, அது யார் பெயரும் இல்லை, வெறும் காற்று என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆண்டியண்ணன் கஞ்சமலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டார்.

"மழைக்காத்து வந்தா இந்தக் களத்துல என்ன சொல்லிக் கத்தறாங்க, அம்மிணி?"

"ஆண்டின்னு."

"அப்பறம் என்னுங்க. அவன் சரியாத்தான் கூப்புட்டிருக்கான்."

கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அன்றைக்கு உச்சி வெயில் கொளுத்தியதால் களம் நிறைய ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. ஆண்டியண்ணன் ஒருத்தரே காவல். துழாவுகிற பெண்களெல்லாம் அரைமணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்புசாமியே வந்தார். இத்தனை வாரமாகத் தன் களத்தில் பேசப்படுகிற அந்தப் பையன் யார் என்று பார்க்க வந்தாராம். நாற்காலி போட்டோம். கூட்டத்தைத் தாண்டி வெளியே போய்க் கல்லின் மேல் ஏற எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

முட்டைக்கண்ணன் கம்பத்தில் ஏறினான். தூரத்தில் ஒரு கரை. கரையில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். காற்று எழுகிறது. பையன் கத்தினான். "ஆண்டி! ஆண்டி!" கூடத்தில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. மறுபடியும் "ஆண்டி! ஆண்டி!" அப்புசாமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பையன் கம்பத்திலிருந்து இறங்குகிறான். அவன் வாய் மூடியிருக்கிறது. "ஆண்டி! ஆண்டி!"

மூடிய வாயிலிருந்து எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தோன்ற இரண்டு விநாடி ஆனது. பிறகு ஜன்னலைப் பார்த்தேன். கஞ்சமலையைக் காணோம். தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"களம்," என்றேன். அதுவே போதுமாக இருந்தது. கூடம் முழுக்க எழுந்து ஓடியது. மதிலை யாரும் சுற்றிப் போகவில்லை, எல்லோரும் ஏறித்தான் குதித்தோம். அங்கே ஆண்டியண்ணன் பாதிக் களத்தைத் தனியாளாகக் குவித்துவிட்டு, அந்த முழங்காலோடு மண்டியிட்டுத் தார்ப்பாயின் மேல் கிடந்தார். அது காற்றில் பறக்காமல் இருக்க அவர்தான் பாரம். சித்தப்பா ஒரு முனையைப் பிடித்தார். அப்புசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு முனையைப் பிடித்தார். கடைசி முடிச்சு விழுவதற்கும் மழை இறங்குவதற்கும் சரியாக இருந்தது. வடக்கு ஓரத்தில் நாலு முறம் அளவுக்கு நனைந்தது. மற்றதெல்லாம் தப்பியது.

எல்லோரும் மில் கொட்டகையில் ஒதுங்கினோம். அப்புசாமி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"மழைன்னு கத்தறதுக்கு என்னடா?"

"மழைன்னும் கத்தினனுங்க, மொதலாளின்னும் கத்தினனுங்க. ஒருத்தரும் அசையலீங்க. டிவி முன்னால உக்காந்திருக்கறவங்க காதுல வேறென்ன ஏறும்? அதான் என்ர பேரையே சொல்லிக் கத்தினனுங்க."

அப்புசாமி மறுபடியும் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். களத்தை விட்டு நகராதவர் ஆண்டி. நகர்ந்து போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தவர் அவர். அதை அந்தக் கொட்டகையில் யாரும் சொல்லிக் காட்டவில்லை. சின்னாயி மட்டும் புடவை முந்தானையைப் பிழிகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. வேற ஆளு என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் கரண்டு இல்லை. கரண்டு திரும்பி வந்தபோது டிவியில் யாரோ உர மூட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கரையில் முதுகைக் காட்டி நின்றவர் யார், திரும்பினாரா, அப்பாதானா என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. மறுநாள் களத்தில் பெண்கள் ஆண்டியண்ணனைத்தான் கேட்டார்கள். "திரும்புனா என்ர மூஞ்சி தெரிஞ்சிருமேன்னுதான் கரண்டைப் புடுங்கிட்டாங்க" என்றார். இப்போது அப்புசாமியே சாயங்காலம் களத்துப் பக்கம் வந்து நிற்கிறார், வானத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, அது அவன் அப்பனாத்தான் இருக்குமா ஆண்டி என்று மெதுவாகக் கேட்கிறார். ஆண்டியண்ணன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார். எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எனக்கு நடந்தது தெரிய வேண்டும்.

எங்கள் பக்கம்தான் அன்றைக்குக் கரண்டு போனது. ராசிபுரத்திலோ, நாமக்கல்லிலோ, வேறெங்கோ போகாமல் இருந்திருக்கும். அதனால் இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னும் இரண்டு பேருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சொன்னாலும் சரி, அவர் இறங்குகிற ஊரில் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள், அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்த ஒருவர் காதில் போய் விழுகிற வரைக்கும்.