நாலாம் பிரிவு அணிக்கு ஒரு நிமிடம்

ஒரு கால்பந்து அணிக்காக ஆம்பிளை அழுவானா என்று சிரித்தவன் நான்.

லா சப்பல் உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவும் மனுவேல் ஸ்பெயின்காரர். அவருடைய ஊர் அணி நாலாம் பிரிவில் ஆடியது. கழுவும்போதெல்லாம் அதன் வரலாற்றைச் சொல்வார். சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கியதாம், அவருடைய அப்பாவும் கல் சுமந்து பார்வையாளர் அரங்கம் கட்டினாராம், ஒரேயொரு பருவம் இரண்டாம் பிரிவுக்கு ஏறி இறங்கியதாம். நான் 'ஓம் ஓம்' என்று தலையாட்டுவேன்.

இந்த வருடம் அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள். மனுவேல் பேச்சையே விட்டுவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. புறநகரான கார்ஜில் நடந்த எங்கள் ஊர்க் கழகங்களின் கால்பந்துப் போட்டிக்குக் கூட்டிப்போனேன்.

"ஆர் அண்ணை இந்த வெள்ளை?" என்றான் எங்கள் கழகச் செயலாளர் தயாளன்.

"என்னோடை வேலை செய்யிறவர். அவரின்ரை கிளப்பை மூடிப்போட்டாங்களடா."

ஆட்டத்துக்கு முன் வழக்கம்போல் ஒரு நிமிட மௌன அகவணக்கம். மனுவேலும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"யாருக்காக?" என்று பிறகு பிரெஞ்சில் கேட்டார்.

"போரில் செத்தவர்களுக்காக."

"உங்கள் ஊரில் இப்போது யார் ஆடுகிறார்கள்?"

"யாருமில்லை. மைதானத்தைச் சுற்றி ராணுவத்தின் முள்கம்பி. கழகம் இங்கேதான் இருக்கிறது."

அவர் அழுதுவிட்டார். "உங்களுக்கு நிற்கவாவது ஆளிருக்கிறது."

பெருமையோடு எங்கள் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். இங்கே பொபினியில் பிறந்த எங்கள் கோல்காப்பாளன், சட்டையின் நெஞ்சில் இருந்த கழகத்தின் பெயரைத் தொட்டு, தயாளனிடம் பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தான்: "இது ஆளின் பெயரா, ஊரின் பெயரா?"

மனுவேலுக்குத் தன் அணி செத்த நாள் தெரியும். எங்களுடையது எப்போது செத்தது என்று எனக்குத் தெரியவில்லை.