பதினொரு பேரில் ஒருவர்

சிறுவாச்சூரில் செல்லக்கண்ணுவின் வீடு எது என்று கேட்டுக்கொண்டு அந்தப் பெண் தெருவுக்குள் வந்தபோது, அவர் கவிழ்ந்து படுத்திருந்தார். எட்டு மணி பஸ் போனால் கவிழ்ந்து, பத்து மணி பஸ்ஸுக்கு இடப்பக்கம், பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு வலப்பக்கம். ஏழு வருஷமாக அவரைத் திருப்பிப் போட அவருடைய மனைவி அம்சவள்ளிக்கு அந்தத் திருச்சி ரோட்டு பஸ்கள்தான் கடிகாரம். இரவில் பஸ் குறைவு. அப்போது அவளாகவே விழித்துக்கொள்வாள்.

செல்லக்கண்ணு கிணறு வெட்டுகிறவர். 1976இல், வேலை முடிந்து கூடையில் ஏறி மேலே வரும்போது கம்பிக்கயிறு அறுந்து பாறைமேல் விழுந்தார். அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். பெயர் சாந்தா, திருச்சி ஆஸ்பத்திரியில் விலாசம் வாங்கி வந்ததாகச் சொன்னாள். தோளில் பை, கையில் ஒரு தடித்த நோட்டு.

"வாங்க டாக்டரம்மா," என்றார் செல்லக்கண்ணு.

"நான் டாக்டர் இல்லீங்கய்யா. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன்."

"படிச்சு முடிச்சா டாக்டருதானே?"

"ஆமா. ஆனா வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லீங்க."

வைத்தியம் பார்க்காத டாக்டர் பின்னே என்ன பார்ப்பார் என்று அவருக்கு விளங்கவில்லை. சாந்தா பொறுமையாகச் சொன்னாள். தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போன பிறகு எப்படி இருக்கிறார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி. டெல்லியில் ஒரு குழு அதற்கு மூன்று வருஷம் உதவித்தொகை கொடுக்கிறது.

"யாருக்கு, எனக்கா?"

"எனக்குங்க. படிக்கிறதுக்கு."

"விழுந்தது நானு," என்றார் செல்லக்கண்ணு. கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கோ இடறுகிறதே என்றுதான் சொன்னார்.

சாந்தா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாங்க," என்றாள்.

அன்று முழுக்கக் கேள்விகள். என்ன சாப்பிடுகிறார், மூத்திரம் எப்படிப் போகிறது, முதுகில் புண் வந்ததா, காய்ச்சல் எத்தனை தடவை வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் அவர் ஒன்று கேட்டார். "எனக்குப் பக்கத்துக் கட்டில்ல வரதராஜன்பேட்டை சவரிமுத்துன்னு ஒருத்தர் இருந்தாரு. பனையிலேர்ந்து விழுந்தவரு. அவரையும் பாத்தீங்களா?"

அவள் நோட்டைத் திறந்து மூடினாள். "அவர் எட்டு மாசத்துலயே இறந்துட்டார்ங்கய்யா. அந்த வருஷம் அங்கேர்ந்து வீட்டுக்குப் போனவங்க உங்களையும் சேத்துப் பதினொரு பேர். பதினொரு வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். உயிரோட இருக்கறது நீங்க மட்டுந்தான்."

அவள் போன பிறகு செல்லக்கண்ணு சவரிமுத்துவையே நினைத்துக்கொண்டிருந்தார். சவரிமுத்துவுக்குக் காணி இருந்தது, மாடி வீடு இருந்தது. மனைவி அமலோற்பவமேரி டீச்சர். ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். நமக்கு இதெல்லாம் இல்லையே என்று செல்லக்கண்ணு அப்போது ஏங்கியிருக்கிறார். அந்த மனிதர் செத்து, தான் எப்படி இருக்கிறோம்? உடம்பு வாகா? கோயில் புண்ணியமா? யோசிக்க யோசிக்க, மற்ற பத்துப் பேருக்கும் ஏதோ துரோகம் செய்துவிட்டதுபோல் இருந்தது.

"நான் ஏன் சாவலை?" என்று அம்சவள்ளியிடம் கேட்டார்.

"கஞ்சி ஆறுது, குடிங்க," என்றாள் அவள்.

சாந்தா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்தாள். மறு வருஷம் மாசியில் வந்தபோது முகம் வாடியிருந்தது. டெல்லிக் குழுவிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரே ஓர் ஆளை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது. உயிரோடு இருப்பவர்கள் இருபது பேராவது வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் வருஷத்து உதவித்தொகை கிடையாது. அவளுடைய கைடும் வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

செல்லக்கண்ணு அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "இத்தினி பேரு செத்துட்டாங்கன்னா இன்னும் நல்லா ஆராயச் சொல்லணுமில்ல? அதுக்கா நிறுத்துவாங்க?"

"எனக்கும் அது புரியலைங்கய்யா."

ஆராய்ச்சி செய்கிறவளுக்கும் புரியவில்லை என்பது அவருக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. அவர் சொன்னார்: "நீங்க ஆஸ்பத்திரி நோட்டுல தேடுறீங்க. ஆஸ்பத்திரிக்கே போவாதவங்க எத்தினி பேரு கெடக்காங்க தெரியுமா? எங்க கெணத்து வேலையிலயே எனக்கு நாலு பேரத் தெரியும்."

ஊர் அம்மன் கோயில் வாரத்தில் திறப்பது திங்களும் வெள்ளியும் மட்டும். அந்த நாட்களில் அம்சவள்ளி அங்கே மாவிளக்குக்கு மாவு இடித்துக் கொடுப்பாள். எங்கெங்கிருந்தோ வருகிற பெண்களிடம், உங்கள் ஊரில் விழுந்து கால் வராமல் படுத்திருப்பவர் யாராவது உண்டா என்று உலக்கையை நிறுத்தாமலே கேட்கத் தொடங்கினாள். கிணற்று மேஸ்திரி அங்கமுத்து வேலைக்குப் போகிற ஊரிலெல்லாம் விசாரித்தார். பங்குனி முடிவதற்குள் செல்லக்கண்ணுவோடு சேர்த்துப் பத்தொன்பது பெயர் ஆயிற்று.

இருபதாவது பெயர் பூலாம்பாடி பழனிவேல். தென்னையிலிருந்து விழுந்தவன், முப்பது வயதுகூட ஆகவில்லை. சாந்தா இரண்டு தடவை போயும் அவன் மனைவி சின்னப்பிள்ளை கதவைத் திறக்கவில்லை. வேடிக்கை பார்க்க வராதே என்று அனுப்பிவிட்டாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போங்க," என்றார் செல்லக்கண்ணு. எட்டு வருஷத்தில் அவர் தெருமுனையைத் தாண்டியதில்லை.

அங்கமுத்து டிராக்டர் கொண்டு வந்தார். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் டயர் ட்யூப் போட்டு, அவரைக் கிடத்தினார்கள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி அம்சவள்ளி அவரைத் திருப்பிப் போட்டாள்.

சின்னப்பிள்ளையின் வாசலில் டிரெய்லரை நிறுத்தி, செல்லக்கண்ணு படுத்தபடியே கூப்பிட்டார். "தங்கச்சி, நானும் உன் வூட்டுக்காரரு மாதிரிதான். நீ அவரக் காட்ட வேணாம். நீ வந்து என்னைப் பாரு."

அவள் நெடுநேரம் கழித்து வெளியே வந்தாள். அவருடைய கால்களைப் பார்த்தாள். அம்சவள்ளி அவரைப் புரட்டி முதுகைக் காட்டினாள். புண் இல்லாத முதுகு. சின்னப்பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

உள்ளே பழனிவேலின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அம்சவள்ளி அன்று பொழுது சாயும்வரை அங்கேயே இருந்து, எப்படிப் புரட்டுவது, துணியை எப்படி மடித்து எங்கே கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். முதலில் பழனிவேலிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சாந்தா, கேட்பதை விட்டுவிட்டு அம்சவள்ளி செய்வதையே பக்கம் பக்கமாக எழுதினாள்.

உதவித்தொகை இன்னொரு வருஷம் வந்தது. பழனிவேலின் புண் ஆற ஏழு மாதம் ஆனது.

1987இல் சாந்தா பட்டம் வாங்கிக்கொண்டு, தடித்த புத்தகம் ஒன்றோடு வந்தாள். முழுக்க இங்கிலீஷ். அதில் அவருக்குப் பெயர் இல்லை, நான்காம் எண் என்று மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டார். பெயர் போடக்கூடாது என்பது விதி என்றாள். அதுவும் அவருக்குப் பிடிபடவில்லை.

"நான் ஏன் சாவலைன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்குங்கய்யா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட ஆள் இருந்தவங்கதான் பொழைச்சிருக்காங்க. காசு, நெலம், படிப்பு எதுவும் அந்த அளவுக்கு உதவலை."

மாவு இடித்துவிட்டு வந்த அம்சவள்ளி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இதக் கண்டுபுடிக்கவா அஞ்சு வருஷம்?"

சாந்தா சிரித்தாள். செல்லக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. சவரிமுத்துவின் மனைவியை நினைத்தார். பகலெல்லாம் பள்ளிக்கூடம் போயாக வேண்டிய டீச்சர். அவரா பார்த்துக்கொள்ளாதவர்? உரித்த பழத்தில் ஒரு நார்கூட இருக்காதே.

"இந்தப் புத்தகம் வரதராஜன்பேட்டைக்கும் போவுமா?"

"அமலோற்பவமேரி டீச்சருக்கு ஒண்ணு குடுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்."

அந்தம்மாவுக்கு இது தெரியவேண்டியதா, வேண்டாததா என்று செல்லக்கண்ணுவால் முடிவு செய்ய முடியவில்லை.

"இப்ப குடுக்காதீங்கம்மா," என்றார். "ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல. குடுக்காதீங்க."

சாந்தா டீச்சருக்காக வைத்திருந்த பிரதியையும் பையிலிருந்து எடுத்து அம்சவள்ளியிடம் கொடுத்தாள். அம்சவள்ளி இரண்டையும் சேர்த்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.