சால்வைக்குள் கட்டிய கோர்செட்

கிணற்றடியில் வாட்டர் பம்பைத் தூக்கும்போது முதுகு பிடித்தது. பிடித்த பிடியில் இடது கால் உணர்வில்லாமல் விறைத்துப்போனது. ஆஸ்பத்திரியில் இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்து, "பாரம் ஒண்டும் தூக்கக்கூடாது" என்றார்கள். எனக்குக் கவலையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கால் கிடந்த மாதிரியே மனமும் கிடந்தது. ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. திருவிழாவில் சுவாமியைத் தோளில் காவ வேண்டும். இளந்தாரிக் காலத்திலிருந்து சுவாமி வாகனத்தின் தண்டுக்குத் தோள் கொடுத்து வந்தவன் நான். அதையும் விட்டால் சண்டிலிப்பாயில் நான் ஆர் என்று எனக்கே தெரியாது.

கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போக முடியாது. அந்தத் தடித்த பெல்ட்டைக் கண்டால் பாவம் என்று சொல்லி என்னை ஒதுக்கிவிடுவார்கள். இடுப்பில் கட்டும் சால்வைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு கோர்செட் தைத்துத் தரும்படி மனைவியிடம் கேட்டேன். அவள் குருநகர்க் கத்தோலிக்கப் பெண்களுக்குக் கலியாணக் கவுணும், அதற்குள் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கோர்செட்டும் தைப்பவள்.

"டொக்டர் சொன்னதைக் கேக்கமாட்டியளோ?" என்றாள். நான் சட்டையைக் கழற்றினேன். அளவு நாடாவை எடுத்தாள்.

மணப்பெண்களுக்கு என்றால் உள்ளே பிளாஸ்டிக் கம்பிதான் வைப்பாள். எனக்கு அது தாங்காது என்று ஆஸ்பத்திரிப் பெல்ட்டைப் பிரித்து இரும்புத் தகடுகளை உருவினாள். கன்வஸ் துணியை இழை நேர் பார்த்து வெட்டினாள். சாய்த்து வெட்டினால் இழுபட்டுப்போகுமாம். தோலில் படுகிற பக்கத்துக்கு என் பழைய வேட்டி. இரண்டு துணியையும் சேர்த்து ஒடுங்கிய குழாய்களாகத் தைத்து, அவற்றுக்குள் தகடுகளைச் செருகினாள். தகட்டு முனை துணியைக் கிழிக்காமலிருக்கச் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினாள். முதுகுக்கு வரும் தகடுகளை என் முதுகோடு வைத்துப் பார்த்துப் பார்த்து வளைத்தாள். பின்னால் கயிறு கோக்கப் பித்தளை வளையங்கள்.

"மூச்சை உள்ளுக்கு இழுக்காதேங்கோ" என்று சொல்லிக் கயிற்றை இறுக்கினாள். "நோகுதோ?"

"இல்லை."

அது உண்மைதான். அந்த இறுக்குக்கு ஆருக்கும் நொந்திருக்கும். அதைக் கேட்டுத்தான் அவள் முகம் வாடியது.

திருவிழாவன்று சால்வையைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணை, நீங்கள் எங்களுக்கு நடுவிலை வாங்கோ" என்றான் பக்கத்து வளவுக்காரன். அவனும் அவன் தம்பியும் பனை உயரம். ஒருவன் எனக்கு முன்னால், மற்றவன் பின்னால். தண்டைத் தூக்கினோம்.

கோயில் வீதியின் முதல் மூலை திரும்பும்வரை பாரமே தெரியவில்லை. விறைப்புத் தோளுக்கும் ஏறிவிட்டதோ என்று பயந்துபோனேன். மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். தண்டுக்கும் என் தோளுக்கும் நடுவே கை புகக்கூடிய இடைவெளி. அண்ணனும் தம்பியும் என் பங்கையும் சேர்த்துத் தாங்கி நடந்தார்கள். கையை மட்டும் தண்டில் வைத்தபடி வீதி முழுக்கச் சுற்றி வந்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நன்றியாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை.

வீட்டில் மனைவி கயிற்றை அவிழ்த்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். தண்டு பட்டுச் சிவந்த அடையாளம் எதுவும் அதில் இல்லை.

"சரியான பாரமோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து அந்தத் தோளைத் தேய்த்துவிடத் தொடங்கினாள்.